கோதுமை ஒவ்வாத குழந்தைக்கு அரசின் தட்டில் என்ன இருக்கிறது?

புது தில்லி: தேசிய உணவுப் பாதுகாப்பு மசோதாவை மக்களவை 2013 ஆகஸ்ட் 26-ம் தேதியும், மாநிலங்களவை அதே ஆண்டு செப்டம்பர் 2-ம் தேதியும் நிறைவேற்றின. ஒருவருக்கு எத்தனை கிலோ தானியம், கிலோ என்ன விலை, எத்தனை சதவீத மக்களுக்கு என்ற மூன்று கேள்விகளைச் சுற்றியே அன்றைய வாதங்கள் பெரும்பாலும் அமைந்தன. பசித்த வீட்டுக்குத் தானியம் போய்ச் சேர்ந்துவிட்டால் மற்றது தானே நடக்கும் என்ற நம்பிக்கைதான் அந்தச் சட்டத்தின் அடித்தளம். போய்ச் சேரும் தானியமே அந்த வீட்டுக் குழந்தைக்கு நஞ்சாக இருந்தால் என்ன செய்வது என்பதற்கு அதன் பிரிவுகளில் விடை இல்லை.

இது கற்பனைக் கேள்வி அன்று. தில்லி, ஹரியாணா, பஞ்சாப், ராஜஸ்தான் ஆகிய பகுதிகளில் உள்ள குழந்தை நல மருத்துவர்கள் நாள்தோறும் சந்திக்கும் கேள்வி. வயிற்றுப்போக்கு, எடை ஏறாமை, இரும்புச்சத்து மாத்திரைக்கும் அசையாத ரத்தசோகை, வயதுக்கேற்ற உயரமின்மை என்ற குறிகளுடன் வரும் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு இருப்பது வெறும் சத்துக்குறைவு அல்ல. கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதத்தை அவர்களின் குடல் ஏற்பதில்லை. சீலியாக் என்று மருத்துவம் அழைக்கும் இந்நோய்க்கு மருந்து கிடையாது. ஆயுள் முழுவதும் அந்தப் புரதத்தை அறவே விலக்குவது ஒன்றே சிகிச்சை.

மூன்று வேளையும் ரொட்டி உண்ணும் நாட்டுப்புறத்தில் ஒரு குழந்தைக்கு மட்டும் ரொட்டி கூடாது என்று எழுதிக் கொடுப்பது மருத்துவருக்கு ஒரு நிமிட வேலை. அதைக் கடைப்பிடிப்பது குடும்பத்துக்கு ஆயுட்காலப் பணி.

வடக்கே அதிகம், தெற்கே குறைவு

இந்நோய் குறித்த புரிதல் இரண்டாம் உலகப் போரின்போது வலுப்பெற்றது. 1944-45-ம் ஆண்டு குளிர்காலத்தில் நெதர்லாந்து கடும் பஞ்சத்தில் சிக்கியது. ரொட்டி அரிதானது. ஊரெங்கும் மக்கள் மெலிந்துகொண்டிருந்தபோது, சீலியாக் நோயால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் நிலை மட்டும் தேறியதை வில்லம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் கவனித்தார். மீண்டும் ரொட்டி வந்ததும் அவர்கள் பழையபடி நோயுற்றனர். கோதுமைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு அவரது ஆய்வுகளால் உறுதிப்பட்டது.

இது ஐரோப்பியர்களின் நோய் என்றே இந்தியாவில் நெடுங்காலம் கருதப்பட்டது. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் மருத்துவர் கோவிந்த் மக்காரியா உள்ளிட்டோர் தில்லி வட்டாரத்தில் நடத்தி 2011-ல் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாகக் கண்டறிந்தது. ஐரோப்பிய நாடுகளின் விகிதத்துக்கு இது குறைந்ததல்ல.

2016-ல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் முக்கியமானது. வடக்கு, வடகிழக்கு, தெற்கு என மூன்று பகுதிகளில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வயது வந்தோரிடம் அது நடத்தப்பட்டது. ஆயிரம் பேருக்கு வடக்கே 8.53, வடகிழக்கே 4.66, தெற்கே 0.11 என்ற அளவில் நோய் காணப்பட்டது. நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணுக்கூறு மூன்று பகுதிகளிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவரிடம் இருந்தது. வேறுபாடு தட்டில்தான் தெரிந்தது. சராசரியாக ஒருவர் ஒரு நாளில் உண்ணும் கோதுமை வடக்கே 455 கிராம், வடகிழக்கே 37 கிராம், தெற்கே 25 கிராம்.

தமிழகத்தில் இந்தச் சொல் அவ்வளவாக அறியப்படாததன் காரணம் இதுவே. தெற்கத்தியரின் உடலில் தனிப் பாதுகாப்பு ஏதும் இருப்பதாக இதற்குப் பொருளில்லை. இட்லிக்குப் பதில் சப்பாத்தி, பரோட்டா, பிஸ்கெட் என்று மாறிவரும் வீடுகள் மனத்தில் கொள்ள வேண்டிய எண்கள் இவை.

ஒவ்வாமை வேறு, சீலியாக் வேறு

சீலியாக் நோயையும் உணவு ஒவ்வாமையையும் பலர் ஒன்றாகவே எண்ணுகின்றனர். சீலியாக் நோய் குடலை மெல்ல மெல்ல அரிப்பது. ரத்தத்தில் ஒரு பரிசோதனையும், சிறுகுடல் திசுப் பரிசோதனையும் அதை உறுதி செய்கின்றன. கடும் ஒவ்வாமையோ நிமிடங்களில் உயிரைப் பறிக்கவல்லது. பால், முட்டை, நிலக்கடலை, முந்திரி, மீன், இறால், எள், கோதுமை என எதுவும் அதற்குக் காரணமாகலாம். உண்ட சிறிது நேரத்தில் உதடு வீங்கி, தோல் தடித்து, தொண்டை அடைத்து, ரத்த அழுத்தம் சரிந்துவிடும்.

நோய்கள் வேறானாலும் தாயின் கேள்வி ஒன்றே: இந்த உணவில் என்னென்ன கலந்திருக்கிறது? அக்கேள்விக்கு நேர்மையான விடை கிடைக்கும் இடங்கள் இந்தியாவில் மிகக் குறைவு.

வட இந்திய அடுக்களையில் அந்த விடையைத் தேடும் குடும்பங்கள் முதலில் தடுமாறுவது மாவு ஆலையில். ‘சக்கி’ எனப்படும் தெருவோர மாவு ஆலையில் கோதுமை அரைத்த அதே கல்லில்தான் கம்பும் மக்காச்சோளமும் அரைக்கப்படுகின்றன. குளூட்டன் அற்றது என்று ஓர் உணவை விற்க, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது இந்திய விதி. கல்லில் ஒட்டியிருக்கும் ஒரு பிடி மாவு அந்த வரம்பை எளிதில் தாண்டிவிடும். ஆகவே தானியத்தை வாங்கிக் கழுவி உலர்த்தி, வீட்டிலேயே தனி இயந்திரத்தில் அரைத்துக் கொள்ளும்படி அறிவுறுத்தப்படுகிறது. இயந்திரம் வாங்க முடியாத வீடு சோற்றை நாட வேண்டியதுதான்.

அடுத்தது பெருங்காயம். கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அதில் பிசினுடன் கோதுமை மாவோ அரிசி மாவோ சேர்க்கப்படுகிறது. கோதுமையையே வீட்டைவிட்டு நீக்கிய பின்னும் குழந்தை தேறவில்லை என்று வரும் குடும்பங்கள், பருப்பில் இட்ட ஒரு சிட்டிகைப் பெருங்காயத்தையும் ஆராய வேண்டியிருக்கிறது. கோயிலில் தரும் ரவை அல்வாவும், குருத்வாராவில் இரு கைகளிலும் ஏந்திப் பெறும் கடா பிரசாதமும் கோதுமையால் ஆனவை. பிரசாதத்தை மறுக்கும் குழந்தையைச் சுற்றியிருப்போர் வியப்புடன் பார்ப்பர். மறுக்கக் கற்றுக்கொடுத்த தாயைச் சற்றுக் கடுமையாகவே பார்ப்பர்.

வியப்பான ஒரு சலுகையும் மரபில் உண்டு. நவராத்திரி விரதத்தின்போது வட இந்தியர் கோதுமையையும் அரிசியையும் விலக்குகின்றனர். குட்டு எனப்படும் மரக்கோதுமையின் மாவு, சிங்காடா மாவு, சாமை வகைத் தானியம், ஜவ்வரிசி ஆகியவை கடைகளை நிறைக்கின்றன. மரக்கோதுமை என்பது பெயரளவில் மட்டுமே கோதுமை. அதில் குளூட்டன் இல்லை. சீலியாக் நோயுள்ள குழந்தை ஊரோடு சேர்ந்து உண்ணக்கூடிய நாள்கள் அவை. ஆயினும் அந்த மாவும் எந்தக் கல்லில் அரைக்கப்பட்டது என்ற கேள்வி நீங்குவதில்லை.

ரேஷனும் பள்ளியும்

உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முன்னுரிமைக் குடும்பங்களில் ஒருவருக்கு மாதம் 5 கிலோ தானியம் உரிமை. 2023 ஜனவரி முதல் இது விலையின்றி வழங்கப்படுகிறது. கோதுமை உண்ணும் மாநிலங்களில் அது பெரும்பாலும் கோதுமையாகவே வருகிறது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 25 கிலோ கிடைத்தால், அதில் 5 கிலோ நோயுற்ற குழந்தையின் பங்கு. அந்தப் பங்கை அக்குழந்தை தொடவே முடியாது. அரிசியோ கம்போ கடலை மாவோ வெளிச்சந்தையில் காசு கொடுத்து வாங்க வேண்டும். குளூட்டன் அற்றது என்று அச்சிட்டு விற்கப்படும் மாவின் விலையோ சாதாரணக் கோதுமை மாவைப்போலப் பல மடங்கு. நோயால் மெலிந்த குழந்தைக்கே அரசின் உதவி எட்டாமல் போகும் விசித்திரம் இது.

அங்கன்வாடியிலும் இதே நிலைதான். கோதுமை மாவில் செய்த பஞ்சீரி, உடைத்த கோதுமைக் கஞ்சியான தலியா ஆகியவை பல வட மாநிலங்களில் சத்து மாவாகத் தரப்படுகின்றன. எடை குறைந்த குழந்தைக்கு அவற்றைக் கூடுதலாகக் கொடுக்குமாறு ஊழியர் அக்கறையுடன் சொல்கிறார். எடை குறையக் காரணமே அதுதான் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை.

பள்ளி மதிய உணவு, உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28-ல் பிறப்பித்த உத்தரவால் நாடெங்கும் சமைத்த உணவாக வழங்கப்பட வேண்டியதாயிற்று. 2013-ம் ஆண்டுச் சட்டம் அதைக் குழந்தையின் உரிமையாக்கியது. தொடக்கப் பள்ளி மாணவருக்கு 450 கலோரி, 12 கிராம் புரதம். நடுநிலைப் பள்ளி மாணவருக்கு 700 கலோரி, 20 கிராம் புரதம் என்று அட்டவணை அளவு சொல்கிறது. அந்த 450 கலோரி பூரியாக வந்தால் ஒரு குழந்தை பசியோடு வகுப்புக்குத் திரும்பும் என்பதை அட்டவணை சொல்லவில்லை.

இத்தனைக்கும், மாற்று உணவு தருவது அரசுகளுக்குப் புதியதல்ல. தமிழகச் சத்துணவில் முட்டை உண்ணாத குழந்தைக்கு வாழைப்பழம் தரப்படுகிறது. கர்நாடகத்தில் முட்டைக்கு மாற்றாக வாழைப்பழமும், சில ஆண்டுகள் கடலை மிட்டாயும் வழங்கப்பட்டன. வீட்டு வழக்கம் கருதி ஒரு குழந்தைக்குத் தட்டை மாற்ற முடியுமானால், மருத்துவர் சான்று கருதி மாற்றுவதற்குத் தடை ஏதும் இருக்க முடியாது. மாற்றாக வரும் கடலை மிட்டாயே நிலக்கடலை ஒவ்வாத குழந்தைக்கு ஆபத்து என்பதால், ஆசிரியரிடம் பெயர்ப் பட்டியல் ஒன்று இருப்பது கட்டாயம். கர்நாடகம் 2013-ல் தொடங்கிய பள்ளிப் பால் திட்டத்துக்கும், ராஜஸ்தான் 2018-ல் தொடங்கிய பால் திட்டத்துக்கும் இது பொருந்தும். பால் ஒவ்வாத குழந்தையின் கையில் அன்பாகத் திணிக்கப்படும் ஒரு குவளை விபரீதத்தில் முடியலாம்.

உறையின் மேல் எழுத்து

கடை உணவைப் பொறுத்தவரை சட்டம் ஓரளவு முன்னேறியிருக்கிறது. 1954-ம் ஆண்டின் கலப்படத் தடைச் சட்டத்தின் இடத்தில் 2006-ல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் வந்தது. அதன்கீழ் 2020-ல் வெளியான விதிமுறைகள், ஒவ்வாமை தரும் பொருள்களை உறையில் தனியே குறிப்பிட வேண்டும் என்கின்றன. குளூட்டன் உள்ள தானியங்கள், நண்டு இறால் வகை, பால், முட்டை, மீன், நிலக்கடலையும் கொட்டைப் பருப்புகளும், சோயா, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட சல்பைட் என எட்டு வகைகள் அப்பட்டியலில் உள்ளன. 10 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் கொண்ட உணவகங்களும் ஒவ்வாமை விவரத்தைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவை.

இந்தப் பட்டியலில் எள் இல்லை, கடுகும் இல்லை. லோஹ்ரி, மகர சங்கராந்திக் காலத்தில் வடநாடு முழுவதும் எள் மிட்டாய்களான ரேவ்டியும் கஜக்கும் கைமாறுகின்றன. கடுகெண்ணெயில்தான் பல வீடுகள் சமைக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 14 பொருள் பட்டியலில் இவ்விரண்டும் உள்ளன. அமெரிக்கா 2021-ல் சட்டம் இயற்றி, 2023 ஜனவரி முதல் எள்ளைச் சேர்த்துக்கொண்டது. அவ்விரு நாட்டு மக்களைவிட எள்ளும் கடுகும் அதிகம் உண்ணும் நாட்டின் பட்டியலில் அவை விடுபட்டிருப்பது ஆராயத்தக்கது.

இரண்டாவது குறை அளவைப் பற்றியது. 100 சதுர சென்டிமீட்டருக்கு மேற்படாத பரப்புள்ள சிறு உறைகளில் சேர்க்கைப் பொருள்களின் பட்டியலை அச்சிட வேண்டியதில்லை. மொத்தமாக வரும் பெரிய உறையில் இருந்தால் போதும். பள்ளி வாசலில் சில்லறைக் காசுக்குக் குழந்தை வாங்குவது சிறு உறையைத்தான். பெரிய உறை கடைக்காரரிடம் இருக்கிறது, அல்லது குப்பையில் இருக்கிறது.

மூன்றாவது குறை மொழியைப் பற்றியது. உறையின் விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்திலான ஹிந்தியிலோ இருக்க வேண்டும் என்பதே கட்டாயம். பிற மொழிகளில் கூடுதலாக அச்சிடலாம். அச்சிடுவது உற்பத்தியாளரின் விருப்பம். தமிழோ வங்காளமோ ஒடியாவோ மட்டும் படிக்கத் தெரிந்த தாய்க்கு, தன் குழந்தையின் உயிர் சார்ந்த எச்சரிக்கை எழுதப்பட்டும் எழுதப்படாததே. மொழிப் பிரச்சினை அவைகளில் பலமுறை எழுந்திருக்கிறது. பிஸ்கெட் உறையின் பின்புறத்திலும் அது இருக்கிறது.

ஊசி எங்கே?

கடும் ஒவ்வாமை தாக்கும்போது உயிர் காப்பது அட்ரினலின் ஊசி. தொடைத் தசையில் உடனே செலுத்த வேண்டும். அரிப்புக்குத் தரும் மாத்திரைகள் அதற்கு ஈடாகா. சிறு கண்ணாடிக் குப்பியில் வரும் இம்மருந்து விலை மலிந்தது. இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் உள்ளது. ஆனால் மருத்துவப் பயிற்சி இல்லாதவரும் எளிதில் செலுத்தத்தக்க, அளவு நிரப்பிய தானியங்கி ஊசி, மேலை நாடுகளில் பல்லாண்டுகளாகப் புழங்கியபோதும் இந்தியச் சந்தையில் நெடுங்காலம் எளிதாகக் கிடைத்ததில்லை. வசதியுள்ளோர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தனர். மற்றவர்கள் குப்பியையும் ஊசிக்குழலையும் பையில் வைத்துக்கொண்டு, நடுங்கும் கையால் மருந்தை உறிஞ்சிச் செலுத்தப் பழகினர்.

அமெரிக்காவில் இது நாடாளுமன்ற விவகாரமாகவே ஆயிற்று. பள்ளிகள் இம்மருந்தை இருப்பில் வைப்பதை ஊக்குவிக்கும் சட்டம் 2013 நவம்பரில் கையெழுத்தானது. இரட்டை ஊசியின் விலை 600 டாலரைத் தாண்டியபோது, 2016 செப்டம்பரில் தயாரிப்பு நிறுவனத்தின் தலைவரைப் பிரதிநிதிகள் சபைக் குழு அழைத்து விசாரித்தது.

இந்தியாவிலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. தடுப்பூசி போடும் கிராமச் செவிலியரிடம், அதனால் ஒவ்வாமை நேர்ந்தால் பயன்படுத்த அட்ரினலின் அடங்கிய அவசரப் பெட்டி இருக்க வேண்டும் என்பது நடைமுறை. கிராமம் வரை ஒருமுறை எட்டிய மருந்து, பள்ளி வளாகம் வரை எட்டுவது அரிய காரியமல்ல.

தேவையற்ற விலக்கும் தீங்கே

இப்பிரச்சினைக்கு மறுபக்கமும் உண்டு. ஐரோப்பிய ஆய்வுக் குழுவினர் பல நாடுகளின் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்தி 2020-ல் வெளியிட்ட ஆய்வில், இந்தியாவில் உண்மையான உணவு ஒவ்வாமை 0.14 சதவீதம் என்றே மதிப்பிடப்பட்டது. ஆனால் பரிசோதனையில் மட்டும் ஒவ்வாமைக் குறி காட்டி, உண்டால் எந்தத் தொல்லையும் அடையாத குழந்தைகள் 19 சதவீதம் பேர் இருந்தனர். ரத்தப் பரிசோதனைத் தாளை மட்டும் பார்த்துப் பாலையும் பருப்பையும் முட்டையையும் நிறுத்தினால், நோயில்லாத குழந்தை சத்துக் குறைந்து நோயாளியாகும். ஏற்கெனவே மெலிந்த குழந்தைகள் நிறைந்த நாட்டில் இது சிறிய பிழையல்ல.

அச்சத்தால் உணவைத் தள்ளிப்போடுவதும் பயன் தருவதில்லை. ஒவ்வாமை ஆபத்து அதிகமுள்ள 640 பச்சிளங்குழந்தைகளிடம் பிரிட்டனில் நடத்தி 2015-ல் வெளியிட்ட ஆய்வில், முதல் ஆண்டிலேயே நிலக்கடலை உணவைத் தொடங்கியவர்களுக்கு அந்த ஒவ்வாமை வெகுவாகக் குறைந்தது. மூன்று வயது வரை கடலையைத் தவிர்க்குமாறு 2000-ல் கூறிய அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், 2008-லேயே அக்கருத்திலிருந்து பின்வாங்கியிருந்தது. எதை நிறுத்துவது, எதைத் தொடங்குவது என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். பரிசோதனைக் கூடத்தின் விளம்பரம் அல்ல. மாவட்ட மருத்துவமனையில் அந்த மருத்துவரும் பரிசோதனையும் கிடைக்கச் செய்வதே முதற்பணி.

அவைகளால் ஆகக்கூடியது

இதற்கெல்லாம் புதிய பெருஞ்சட்டம் தேவைப்படவில்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டம் தானியம் என்பதை அரிசி, கோதுமை, சிறுதானியம் என்றே விளக்குகிறது. சான்று பெற்ற குழந்தையின் பங்கை மட்டும் கோதுமையிலிருந்து அரிசிக்கோ கம்புக்கோ மாற்றிக் கொடுக்கச் சட்டத்தின் சொற்களே இடம் தருகின்றன. கர்நாடகம் ரேஷனில் கேழ்வரகும் சோளமும் தந்திருக்கிறது. தமிழகம் 2023-ல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு தானியத்துக்கு மற்றொன்றை மாற்றித் தரும் ஏற்பாடு நியாய விலைக் கடைகளுக்குத் தெரிந்ததே.

உறை விதிமுறைகளிலும் உறுப்பினர்களுக்குப் பிடி உண்டு. 2006-ம் ஆண்டுச் சட்டத்தின் 93-வது பிரிவு, அதன்கீழ் செய்யப்படும் விதிமுறைகளை இரு அவைகளின் முன்பும் வைக்க வேண்டும் என்கிறது. குறிப்பிட்ட காலத்துக்குள் இரு அவைகளும் ஒப்பினால் அவற்றைத் திருத்தலாம். மேசை மீது வைக்கப்படும் தாள்களைப் புரட்டிப் பார்ப்போர் அரிது என்பதால், இந்த உரிமை பெரும்பாலும் பயன்படாமலே காலாவதியாகிறது. துணைநிலைச் சட்டமியற்றல் குழுவும் இருக்கிறது. எள், கடுகு, சிறு உறை, மாநில மொழி ஆகிய நான்கையும் எழுப்ப ஓர் உறுப்பினர் போதும்.

2023-ம் ஆண்டு சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக இந்தியாவின் முயற்சியால் அறிவிக்கப்பட்டது. அதையொட்டி 2022 டிசம்பர் 20-ம் தேதி நாடாளுமன்ற வளாகத்தில் சிறுதானிய விருந்து நடைபெற்றது. பிரதமரும் எல்லாக் கட்சி உறுப்பினர்களும் அமர்ந்து உண்டனர். சீலியாக் நோயுள்ள குழந்தைக்குத் தேவைப்படுவது அந்தப் பந்தியில் பரிமாறப்பட்ட தானியமே. தன் பங்கான 5 கிலோவை அந்த வடிவில் ஊர்க் கடையில் பெறுவதற்கான உத்தரவு ஒன்றுதான் அதற்குக் குறைவாக இருக்கிறது.